அமெரிக்காவாகிப் போன என் கட்டடம்

என் சகலை அமெரிக்காவில் இருந்தார், நான் துபாயில் இருந்தேன். மாமியார் வீட்டின் மூத்த பெண்ணைக் கட்டியவர் அவர், இளையவளைக் கட்டியவன் நான். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், இரண்டு மருமகன்களும் ஒரே வாரத்தில் மாமியார் வீட்டில் போய் இறங்குவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். என் பெட்டியைக் கூடத்திலேயே வைத்து உடனே பிரித்துவிடுவார்கள். அவர் பெட்டி முதலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருக்கும்.

அந்த வருடங்களில் எனக்குக் கண்ணாடி மாட்டும் வேலை. உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கம் கூண்டில் தொங்கிக்கொண்டு, சட்டத்தில் கண்ணாடி பொருத்துகிற ஆட்களுக்கு நான் ஃபோர்மேன். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் காலையில் பஸ் ஏறும்போதே, “உன் பில்டிங் எத்தனையாவது மாடி வந்துச்சு?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கட்டுகிறவரை பில்டிங் எங்களுடையது. ஒப்படைத்த பிறகும் பஸ் அந்த வழியே போனால், “அந்தா, என் பில்டிங்” என்று பக்கத்து சீட்டுக்காரனை எழுப்பிக் காட்டுவோம்.

அப்படி என் பில்டிங் ஒன்று முடிந்தபோது எதிர்ச்சாரியில் நின்று ஒரு போட்டோ எடுத்தேன். அழுக்கான கவரால் உடுப்போடு அதன் முன்னால் நிற்க மனம் வராததால் நான் அதில் இல்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, என் மனைவியும் மகளும் இருந்த மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். அதே மாதம் சகலையும் தான் குடிபோன வீட்டின் போட்டோவை அனுப்பியிருந்தார். மரத்தால் கட்டிய சின்ன வீடு. முன்னால் புல், பின்னால் மரங்கள். அதிலும் ஆள் இல்லை. மாமியார் இரண்டையும் சட்டம் போட்டு அடுத்தடுத்து மாட்டிவிட்டார்.

அடுத்த லீவில் போனபோது, என் ஐந்து வயது மகள் வந்தவர்களுக்கு அவற்றைக் காட்டிக்கொண்டிருந்தாள். “இது பெரியப்பா இருக்கற அமெரிக்கா. இது எங்கப்பா இருக்கற துபாய்.” அமெரிக்கா என்று அவள் தொட்டது என் பில்டிங்கை. எனக்குக் கிடைத்தது அந்த மர வீடு.

“துபாய்ல இவ்வளவு மரமா? பரவாயில்லையே” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மாமியாரிடம் கேட்டேன். “அமெரிக்கான்னா இப்படிப் பெரிய பில்டிங் இல்லாமயா மாப்ள இருக்கும்? நான்தான் சொல்லிக்குடுத்தேன்” என்றார். என் மனைவி, “விடுங்க, சின்னப் புள்ளதானே” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். மகளை மடியில் உட்காரவைத்து நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “நீங்க பொய் சொல்றீங்க” என்று இறங்கிப் போனாள்.

சகலையைவிட எனக்குப் படிப்பு குறைவு. குடும்பத்தைக் கூட்டிவர என் சம்பளத்துக்கு விசா கிடைக்காது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வேன். ஆனால் என் கை பட்ட கண்ணாடியை அவர் கணக்கில் எழுதுவதை எப்படிப் பொறுப்பது? என் மகள் வாயால் ‘இது அப்பாவோடது’ என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள். அமெரிக்காவைப் பார்த்தவர் சொன்னால் நம்புவாள்.

மறு வருடம் சகலை ஊருக்குப் போகும் வழியில் துபாயில் ஒரு பகல் தங்கினார். நல்லவேளையாக வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. எத்தனையோ முறை டெஸ்ட்டில் தோற்று வாங்கிய லைசன்ஸும், ஸ்டோர்கீப்பரிடம் கெஞ்சி வாங்கிய பிக்கப் வண்டியும் என்னிடம் இருந்தன. ஏர்போர்ட்டிலிருந்து அவரை நேராக ஷேக் சாயித் சாலைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் கோபுரங்கள், கண்ணுக்கெட்டியவரை கிரேன்கள், ஓட்டுநரே இல்லாமல் ஓடப்போகிற ரயிலுக்குத் தூண்கள். அவர் ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

“சகல, இந்த மாதிரி வருங்காலத்து ஊரு அமெரிக்காவுல எது?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

அவர் பரீட்சைக்குப் பதில் எழுதுகிறவர் போல யோசித்தார். “சியாட்டில்ல ஒரு கோபுரம் இருக்கு, உச்சியில தட்டைக் கவுத்து வச்ச மாதிரி. வருங்காலம் இப்படித்தான் இருக்கும்னு நம்ம அப்பா காலத்துல கட்டுனது. இப்பப் பார்த்தா அதுவே பழசா தெரியுது. நியூயார்க்ல மேல பார்த்தா வருங்காலம், கீழ ரயிலுக்கு இறங்குனா எலி ஓடும். சிகாகோவுல பில்டிங்கெல்லாம் அழகுதான். ஆனா ரயிலு துருப்பிடிச்ச இரும்புப் பாலத்துல தடதடன்னு தலைக்கு மேல போகும்.”

“லாஸ் வேகாஸ்?”

“லைட்டு ஜாஸ்தி. பூராவும் வேற ஊர்களோட காப்பி.”

என் முகத்தில் சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

“ஹூஸ்டனை வேணா சொல்லலாம்” என்றார். “பூரா கண்ணாடி. வெயிலு தாங்காம ஜனங்க பில்டிங்குக்கு பில்டிங் தரைக்கு அடியிலயே நடந்து போவாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “எத்தனை மாடி?” என்று கேட்டேன். நான் கேட்ட தொனியில் அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். “இவ்வளவு கிடையாது சகல. இது மாதிரி ஊரு அங்க எங்கயும் கிடையாது” என்றார்.

என் பில்டிங்குக்கு எதிரே வண்டியை நிறுத்தி, மாமியார் வீட்டுச் சுவரில் நடந்த அநியாயத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உடனே ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். மகள் எடுத்தாள்.

“பெரியப்பா பேசுறேன்மா. அந்தப் பெரிய பில்டிங் உங்கப்பா கட்டுனதுதான். துபாய்லதான் இருக்கு, இப்ப நான் நேர்ல பார்த்துக்கிட்டு இருக்கேன். மரத்துல கட்டுன வீடு பெரியப்பாவோடது.”

நான் ஜெயித்துவிட்டேன். “இப்ப நம்புறியா?” என்றேன்.

“அப்ப அந்த வீடு நம்மளது இல்லையாப்பா?”

“இல்லடா.”

“அம்மா நம்மளதுன்னு சொன்னாங்க. நீங்க கூட்டிட்டுப் போனதும் அங்கதான் இருக்கப் போறோம்னு. மேல இருக்கற ஜன்னல் எனக்கு, கதவுக்குப் பக்கத்துல இருக்கறது அம்மாவுக்கும் உங்களுக்கும்னு பிரிச்சு வச்சிருக்கோம்.”

எதிரே என் பில்டிங் வெயிலில் கண் கூசும்படி நின்றது. அந்த மர வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியாமல் இல்லை. மகள் அடுத்ததைக் கேட்டாள்.

“சரிப்பா, உங்க பில்டிங்ல நம்ம ஜன்னல் எது?”

எந்த மாடியில் எந்தக் கண்ணாடி கீறல் விழுந்து மாற்றியது என்பதுவரை எனக்குத் தெரியும். அதில் எங்களுக்கென்று ஒரு ஜன்னலும் கிடையாது. சகலை என் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்தார்.

“அந்த மேல் ஜன்னலு உனக்குத்தான்மா. பெரியப்பா யாருக்கும் குடுக்கல.”

அவள் சிரித்தது பிக்கப் முழுக்கக் கேட்டது. என் மகளுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு ஜன்னல் இருந்ததே என்று அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம், இன்றுவரை முழுதாக அடங்கவில்லை.