நான் அழித்த என் குறிப்பு

நெல்லியடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் சில காலம் வேலை பார்த்தேன். கலியாணம் பேசுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. வெளிநாட்டிலிருந்து மகன் கம்பியூட்டர் ஒன்றை அனுப்பிவைக்க, தடித்த கொப்பியிலிருந்த குமர்ப்பெண்களையும் மாப்பிள்ளைகளையும் அதற்குள் ஏற்றும் வேலை எனக்கு. பெயர், வயது, நட்சத்திரம், செவ்வாய்க் குற்றம். ஆறு வாரம் கம்பியூட்டர் படித்த திமிரில் அவருக்கே பாடம் எடுப்பேன்.

கடைசிப் பக்கத்தில் குமர்களோடு என் பெயரும் இருந்தது. அம்மா எனக்குச் சொல்லாமலே என் சாதகக் குறிப்பைக் கொடுத்திருந்தார். வந்த கோபத்துக்கு அளவில்லை. எனக்கு மேலே படிக்க வேண்டும், கலியாணம் வேண்டாம். ஆனால் தபாலதிபர் ஐயா பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்ததால் என்னையும் நானே ஏற்ற வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் ஒரு பிளொப்பித் தட்டில் பிரதி எடுத்து, விசுக்கோத்துத் தகரப் பேணிக்குள் பத்திரப்படுத்தினேன்.

மறுநாள் ஐயா சந்தைக்குப் போன நேரம் பார்த்து கம்பியூட்டரில் என்னை அழித்தேன். அதன்பின் அவர் கொப்பியைத் திறக்கவே இல்லை. மெசின் சொன்னதுதான் வேதவாக்கு. புதிய குறிப்பு வந்தாலும், யாருக்காவது கலியாணம் ஒப்பேறினாலும் துண்டில் எழுதித் தருவார். நான் அடித்துவிட்டு, வெள்ளிதோறும் இரண்டாவது பிளொப்பியில் பிரதி எடுப்பேன்.

ஆறு மாதம் சுகமாகப் போனது. ஒரு நாள் கரண்ட் போய், வந்த வேகத்தில் கம்பியூட்டரில் இருந்ததெல்லாம் குழம்பிவிட்டது. ஐயா தலையில் கை வைத்தார்.

“ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ஐயா, பிரதி கிடக்கு,” என்றேன்.

வெள்ளிக்கிழமைப் பிளொப்பி திறக்கவில்லை. பேணிக்குள் கிடந்த முதலாவது திறந்தது. ஆனால் அது ஆறு மாதம் பழையது. தாலி கட்டிப் போன ஐந்து பெண்கள் மறுபடி குமராகிவிட்டார்கள். ஒருத்தி பிள்ளைத்தாச்சி வேறு. துண்டுகளையெல்லாம் பொறுக்கியெடுத்து இரண்டு நாளில் அத்தனை பேரையும் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். பெருமை தாங்கவில்லை. நான் என்னை அழித்ததற்குத்தான் துண்டு இல்லை. அது என் நினைவுக்கும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கரவெட்டியில் எங்கள் வீட்டுக்கு ஐயா வந்தார். கூடவே வீதி வேலை மேற்பார்க்கும் இளம் ஓவசியர் ஒருவரும் அவருடைய தாயும். தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்த எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது: பழைய பிளொப்பியோடு நானும் திரும்பி வந்திருந்தேன், என்னைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்.

“ஆறு மாசமாய் மெசின் உங்கடை மகளுக்கு ஒண்டும் காட்டேல்லை. இப்பதான் வழி திறந்திருக்கு,” என்றார் ஐயா.

“நீங்கள் கிரகம் சரியில்லையெண்டு சொன்னதிலை இருந்து சனிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிறன். வீண்போகேல்லை,” என்றார் அம்மா.

அந்த விரதம் கொழும்பிலிருக்கும் அண்ணைக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். தட்டை வைத்தேன்.

“கிரகமில்லை அம்மா. நான்தான் என்ரை பேரை அழிச்சனான்.”

ஓவசியர் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். அவருடைய தாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஐயாவுக்கு வேறு கவலை. “வேறை ஆரையும் அழிச்சனியோ, பிள்ளை?”

“இல்லை ஐயா.”

எல்லோரும் போனபின் அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு சொன்னார்.

“மெசினுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருந்தால், நான் சனிக்கிழமையளிலை சாப்பிட்டிருப்பனே.”