கம்பத்துக்கு நாற்பதடி தள்ளி

அவருடைய சொந்தப் பெயர் டிப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘ஓரம் அக்கா’. பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறார். சக்கரம் நடைபாதையை ஒட்டி நிற்காமல் ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடுச்சாலையில் இறங்கிய ஒரு பெண்ணை மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளியதைக் கண்ணாடியில் பார்த்தவர். அன்று பிடித்த பிடிவாதம் இது. “என்னக்கா, பஸ்ஸை சுவத்துல தேய்ச்சுக்கிட்டே போறீங்க?” என்று யாராவது கிண்டலடித்தால், “உன் பஸ்ல இறங்குறவங்க நேரா ஸ்ட்ரெச்சர்லல்ல ஏறுறாங்க” என்று திருப்பிக் கொடுப்பார்.

பெரிய மருத்துவமனை வாசல் நிறுத்தம்தான் அவருக்குத் தீராத தலைவலி. நிழற்குடை உண்டு, கம்பம் உண்டு, தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ‘பேருந்து’ என்று ஆளுயர எழுத்தும் உண்டு. காலை ஏழு மணிக்கே அந்த எழுத்தின் மேல் கார்கள் வந்து சொகுசாக உட்கார்ந்துவிடும். “அஞ்சே நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் போகிற மகராசன் மத்தியானம்தான் திரும்புவான். ஒரு ஆள் உட்கார்ந்து வந்த வண்டிக்கு அறுபது பேர் வழிவிட வேண்டும். கேட்பதற்கு நாதியில்லை.

கம்பத்துக்கு நாற்பதடி தள்ளி ஒரு மருந்துக் கிடங்கு. அதன் கேட்டுக்கு முன்னால் மட்டும் எவனும் காரை விடமாட்டான். லாரி வந்தால் நசுக்கிவிடும் என்ற பயம். அந்த வழியில் ஓடுவது அக்காவின் பேருந்து ஒன்றுதான்; அவர் அங்கேதான் ஓரம் கட்டுவார். கட்டுப் போட்டவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாரும் பழகிக்கொண்டு அங்கேயே காத்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரும் தையல்காரரும் கைத்தடியோடு அங்கேதான் நிற்பார். சிகிச்சை முடிந்து வரும்போது மனிதர் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார்.

ஒருநாள் அவர்தான் ஏறும்போதே சொன்னார். “அம்மா, கம்பத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இந்த ஸ்டாப்பை எடுத்துட்டு கார் நிறுத்துற இடமா ஆக்கப்போறாங்களாம். இங்க ஏற ஆளே இல்லையாம்.”

“ஆளே இல்லையா? அப்ப நீங்க யாரு, ஆவியா?”

“அடுத்த ஸ்டாப்புக்கு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நடக்கணும்னா நான் ஆவியாத்தாம்மா போவேன்” என்றார் தையல்காரர். சிரிக்கத்தான் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தன் வார ஓய்வு நாளில் அலுவலகத்துக்குப் போனார். போக்குவரத்து அதிகாரி கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். கணக்கெடுக்கும் பெண் மூன்று நாள் கம்பத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். கம்பத்தில் ஏறியவர்கள்: பூஜ்யம்.

“சார், கம்பத்துகிட்ட கார் நிக்குது. அதான் நான் தள்ளி நிறுத்துறேன். எல்லாரும் அங்க ஏறுறாங்க.”

“அது ஸ்டாப் இல்லையேம்மா. அங்க நிறுத்துனதே தப்பு. கம்பத்துல ஏறுனாத்தான் கணக்கு.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. யாரும் விழக்கூடாதே என்று அவர் பார்த்துப் பார்த்துத் தள்ளி நிறுத்தியதுதான் நிறுத்தத்துக்கே உலை வைத்திருக்கிறது. காரை விட்டவனை யாரும் எண்ணவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணின் முட்டிக்கு முன்னால்தான் பம்பர் இருந்திருக்கும். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை!

விடாமல் மல்லுக்கு நின்றதில் அதிகாரி இறங்கி வந்தார். “சரி, வியாழக்கிழமை காலையில ஒரே ஒரு தடவை மறுபடி எண்ணுவோம். நானே வர்றேன்.”

வந்தார். காரில் வந்தார். அந்தக் காரை எங்கே நிறுத்தினார் என்கிறீர்கள்? மஞ்சள் எழுத்தின் மேலேயே. ‘பே’ மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அக்கா தூரத்திலிருந்தே பார்த்தார். கால் பழக்கத்தில் கிடங்கை நோக்கித்தான் அழுத்தப் பார்த்தது. அழுத்தவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, கம்பத்துக்கு நேரே, கார்களை ஒட்டி, நட்ட நடுச்சாலையில் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்தார். திறந்த கையோடு கீழே குதித்து, மோட்டார் சைக்கிள் நுழையும் சந்தில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

“எல்லாரும் இங்க வாங்க! அவசரமில்ல, மெதுவா வாங்க!”

கிடங்கிலிருந்து வந்தார்கள். பம்பருக்கும் பம்பருக்கும் நடுவே ஒருக்களித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். தையல்காரர் அதிகாரியின் காரைப் பிடித்தபடிதான் வர முடிந்தது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

“என்னம்மா இது? வண்டியை எடுங்க! ரோடே நிக்குது!” என்று அதிகாரி கத்தினார்.

“நீங்கதானே சார் கம்பத்துல ஏறுனாத்தான் கணக்குன்னீங்க? எண்ணுங்க.”

கணக்கெடுக்கும் பெண் தலை நிமிராமல் எண்ணினாள். நாற்பத்தொன்று.

நிறுத்தம் தப்பியது. கார்களும் தப்பின, ஒன்றுக்குக்கூட ஒரு அபராதச் சீட்டு ஒட்டப்படவில்லை. கடிதம் வந்தது அக்காவுக்குத்தான். ஏழு நிமிடம் போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தது ஏன், மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.

டிப்போ மேசையில் உட்கார்ந்து அங்கேயே பதில் எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. ஒரே வரி: “பேருந்து நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தினேன்.”