தண்ணி விழுதா?

"நீ கொடுத்து வச்சவ" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து இப்படித்தான். மாடிக்குப் போனால் மலை, காற்று, காலையில் கைப்பிடிச் சுவரில் மயில். எல்லாம் உண்மைதான். ஆனால் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒருவரும் போன் செய்வதில்லை. ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் என் உடம்பைப் பற்றி விசாரிக்கும். "நல்லாருக்கியா?" என்று தொடங்கி "தண்ணி விழுதா?" என்று முடியும்.

போன சீசனில் பதினான்கு பேர். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரத்துண்டுகள் கொடி கொள்ளாமல் கதவிலும் ஜன்னலிலும் தொங்கின. சாரலில் ஒன்றும் காயவில்லை. போதுமடா சாமி என்றாகிவிட்டது. அதனால் இந்த வருஷம் சென்னையிலிருந்து அக்கா கூப்பிட்டபோது நான் முந்திக்கொண்டேன்.

"தண்ணியே இல்லக்கா. வெறும் பாறைதான் தெரியுது."

அப்போது வெளியே தகரக் கூரையில் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. போனில் கேட்டிருக்குமோ?

"அப்படியாட்டி? சரி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள். எதற்கும் நாலு கேள்வி கேட்கிறவள், மறுபேச்சே பேசவில்லை. அதுதான் என்னை அரித்தது. டிவியில் தினமும் அருவியைக் காட்டுகிறானே, பார்க்காமலா இருப்பாள்?

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப்புறமிருந்து சொன்னாள்: "மைனி, ஒங்க அக்காவ இப்பதான் ஐந்தருவில பாத்துட்டு வாறேன். கூட மருமவளும் நிக்கா. லாட்ஜ்ல தங்கிருக்காவளாமே?"

எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு தூரம் வந்தவள் கூடப்பிறந்தவள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாளாமா? நான் சொன்ன பொய் அந்த நிமிஷம் நினைவிலேயே இல்லை. என்னைப் பற்றி மருமகளிடம் என்னென்ன ஓதியிருக்கிறாளோ என்றுதான் புத்தி போனது. கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டால்தான் ஆறும் என்று ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஐந்தருவி பழக்கடை ஒன்றில் ஈரத்தலையோடு அக்கா மங்குஸ்தானுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மருமகள், போன தையில்தான் கல்யாணம், மணமேடையில் என் காலிலும் விழுந்து கும்பிட்ட பெண். நான் இருவருக்கும் பின்னால் போய் நின்றேன். அவர்கள் பார்க்கவில்லை.

"அத்தை, சித்தி வீடு இங்க பக்கத்துலதானே? ஒரு எட்டு போயிட்டு வரலாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"அவ ஊர்ல இல்லம்மா" என்றாள் அக்கா. "இருந்தா நம்மள லாட்ஜ்ல தங்க விடுவாளா? கையப் புடிச்சு இழுத்துட்டுல்லா போயிருப்பா."

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஓடிப்போய் அவள் கையைப் பிடிக்கலாம் என்றால், மருமகள் முன்னால் அக்கா பொய்க்காரி ஆகிவிடுவாள். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் பார்த்து மருமகளும் தலையைத் திருப்பப் போனாள்.

அக்கா சட்டென்று அவள் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினாள். "அங்கன பாரும்மா, குட்டியோட ஒரு கொரங்கு!"

அங்கே குரங்கு எதுவும் இல்லை. நான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறினேன்.