ஏற்றத்தில் மட்டும் ஏசி

திரவ ஹைட்ரஜனில் ஓடும் சோதனை வேனில் எங்களை மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊருக்கு அழைத்துப்போனார் ஒரு பொறியாளர். உறைகுளிரில் இருக்கும் எரிபொருள், இன்ஜினுக்குப் போகிற வழியில் வேனுக்குள்ளேயும் குளிரூட்டிவிடுமாம். தனியாக ஏசியே வேண்டாமாம்.

மலை ஏறும்போது இன்ஜின் எரிபொருளை மடமடவென்று குடித்தது. வெளியிலேயே குளிர், உள்ளே எங்களுக்குப் பல் தந்தியடித்தது.

மறுநாள் மதியம் இறங்கினோம். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையில்லை, எரிபொருள் செலவில்லை, அதனால் குளிரும் இல்லை. கண்ணாடியோ திறக்கவே முடியாத கண்ணாடி. அடிவார வெயிலில் வெந்துபோனோம்.

"இன்ஜின் உழைச்சாத்தான் குளிரும், அதான் இதோட சிறப்பே" என்றார் பொறியாளர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

மிளகு விற்க எங்களோடு இறங்கிய மலைக்காரம்மா நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, அப்ப வெயிலடிக்கிற ஊருக்கெல்லாம் நீங்களே வண்டியோட ஒரு மலையும் கட்டிக் குடுத்துருவீங்களா?"