பாதி வழியில் ஒரு பெஞ்சு

நடைபாதை போடுகிற வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்: ரோட்டை அகலப்படுத்த வந்தால் மோர் கொடுப்பார்கள், நடக்க இடம் கேட்டால் நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

கார் ஏறும் வழி

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு புது நகர். ஜனங்கள் நடக்க வேண்டும், நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நடைபாதையும் தெருவுக்கு ஒரு பெஞ்சும் போடத் திட்டம். நான் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். டேப்பைப் பிடித்துக்கொண்டு போனால், தெருவின் நடு வீட்டுக் கோழிப்பண்ணைக்காரர் கார் ஏறுவதற்கு ரோடு வரைக்கும் சிமெண்ட் சரிவு போட்டு வைத்திருக்கிறார். இடிக்கணுமுங்க என்றேன்.

"நடக்கறவங்க ரோட்டுல நடக்கட்டுங்க. எங்க காரு என்ன பறந்தா ஊட்டுக்குள்ள போகும்?"

ஒரே ஒரு கோரிக்கை

தெருவின் கடைசி வீட்டுப் பழனியப்பன் பழைய லாரி டிரைவர். இரண்டு முட்டியும் போய்விட்டன. தெருமுனை டீக்கடையில் அவருடைய சேக்காளிகள் தினமும் கூடுவார்கள். இவர் அங்கே போய் ஒரு வருஷமாகிறதாம். அந்தத் தெருவில் என்னை வாங்க என்று கூப்பிட்ட ஒரே மனுஷர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஸ்ஸாம் வரைக்கும் லோடு ஓட்டுனவனுங்க நானு. இப்ப டீக்கடைக்குப் போக முடியல. பாதி வழியில ஒருக்கா உக்கோர எடம் போட்டுக் குடுங்க சாமி, போயிருவேன்."

பெஞ்சு ஊர்வலம்

பாதி வழி என்றால் கோழிப்பண்ணைக்காரர் வீடுதான். கண்டவர்கள் உட்கார்ந்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள், வேண்டாம் என்றார். அடுத்த வீட்டில் வயசுப் பெண் இருக்கிறது. அதற்கடுத்த வீட்டில் வாஸ்து. நாலு ஆள் கயிறு கட்டிச் சுமந்த சிமெண்ட் பெஞ்சு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனது. அட, ஒருத்தராவது சரி என்று சொல்லக் கூடாதா! ஆட்கள் முனகினார்கள். சண்டை போடத் தெம்பில்லாமல், ஆட்சேபணை சொல்லாத ஒரே வீட்டு முன்னால் இறக்கச் சொல்லிவிட்டேன். பழனியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ஏனுங்க, எங்கூட்டு வாசல்ல உக்கோரவா பெஞ்சு கேட்டேன்?"

போட்டோ

பாதி வழிக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். மூன்று மாதம் கழித்து, கோப்பில் வைக்கப் பெஞ்சைப் போட்டோ எடுக்கப் போனேன். வாசலில் ஷாமியானா. உள்ளே ஃப்ரீசர் பெட்டியில் பழனியப்பன். கடைசி வரைக்கும் டீக்கடைக்குப் போகவே இல்லையாம். எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பெஞ்சு வேண்டாம் என்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"உக்கோருங்க சார். நாலு பேரு ஒண்ணா உக்கோந்து பேச நல்ல எடமாத்தான் போட்டிருக்கறீங்க."

போட்டோவின் கீழே ‘பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.