காசியில் விட்ட முந்திரி

சின்னக் காஞ்சிபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பீட்ஸா கடை. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கென்று தனிக் கத்தி, தனித் தட்டு, தனி அடுப்பே வைத்திருக்கிறார்கள். நம்பி உட்காருகிறேன்.

“எனக்கு முந்திரி அலர்ஜி. துளி பட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடும். சாஸ்ல முந்திரி இருக்கா?”

“லைட்டாதான் அரைச்சு ஊத்தியிருக்குதும்மா. ஒண்ணும் ஆவாது, சாப்பிடுங்க,” என்கிறார் கடைக்காரர்.

கைப்பையிலிருந்து அலர்ஜிக்கான அவசர ஊசியை எடுத்துக் காட்டுகிறேன்.

“சுகரா? எங்க வூட்லயும் இருக்குதும்மா,” என்கிறார் பரிவோடு.

இனி உண்மையால் பயனில்லை. “காசிக்குப் போனப்ப முந்திரியை விட்டுட்டேன். ஆயுசுக்கும் தொடக் கூடாது.”

அவர் முகம் மாறுகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். கத்தி, தட்டு, மாவு தேய்க்கும் பலகை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசுகிறார். பரணிலிருந்து புது மிக்ஸி ஜாரை இறக்கி, தக்காளியை மட்டும் போட்டு அரைக்கிறார்.

“இத்த முன்னாடியே சொல்றதில்லையாம்மா? அந்தப் பாவம் எங்க தலையில இல்ல வுழுந்திருக்கும்!”

சூடான பீட்ஸாவை வைத்துவிட்டு, நகராமல் நிற்கிறார். “காசி எப்டிம்மா இருக்குது?”

விஜயவாடாவைத் தாண்டியிராத நான், “நல்ல கூட்டம்,” என்கிறேன்.