பஞ்சாமிர்த டப்பாவில் ரோஜா ஜாம்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் வீட்டில் எதுவுமே ருசித்ததில்லை. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் என் சாம்பார் தண்ணீராக இருந்திருக்கிறது, வடை கல்லாக இருந்திருக்கிறது. ஒருமுறை வெறும் வெந்நீர் கொடுத்தேன், அதில் புகை நாற்றம் அடித்ததாம். கிருத்திகைக்குக் கிருத்திகை அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து, மலைமேல் முருகனையும் கீழே என் சமையலையும் பார்த்துவிட்டுப் போவார். முருகனிடம் மட்டும் இதுவரை குறை கண்டதில்லை. அவர் வாயால் ஒரே ஒரு "நல்லா கீது" வாங்கிவிட வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே ஆகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர் சாப்பிட்டே இராத ஒன்றைச் செய்தால் எதை வைத்துக் குறை சொல்வார்? அப்படி யோசித்துத்தான் போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், வாழைப்பழமும் பன்னீர் ரோஜாவும் சேர்த்து ஜாம் கிளற உட்கார்ந்தேன். செல்போனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் செய்து காட்டினாள். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

பூக்கடையில் போய், "மருந்து அடிக்காத ரோஜா இருக்குதா?" என்று கேட்டேன். பூக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமிக்கே மருந்து அடிச்ச பூதான் போவுது. உனக்கு இன்னாத்துக்கு?"

"சாப்பிடறதுக்குங்க."

"ஏம்மா, வூட்ல சோறு ஆக்கலையா?"

கடைசியில் மொட்டை மாடித் தொட்டியில் பூத்திருந்ததை எல்லாம் மொட்டையடித்தேன். பழத்தை மசித்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இதழ்களைக் கிள்ளிப் போட்டேன். கெட்டியாக ஆக ஆக அது எகிறி என் மணிக்கட்டில் சூடு வைத்தது. தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் ஓடக்கூடாது, அதுதான் பதம். ஓடவில்லை. ஆறினதும் பார்த்தால் போட்டு வைக்கப் பாட்டில் இல்லை. கழுவிக் காய்ந்திருந்தது மலைக்கடையில் வாங்கிய பஞ்சாமிர்தத்தின் டப்பா ஒன்றுதான். மூடியில் வேலும் மயிலுமாக இருந்தது. போகட்டும் என்று அதிலேயே போட்டேன்.

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"பாதிப் படியோட திரும்பிட்டேன். இன்னா கும்பலு! சாமியையே பாக்கலம்மா."

டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, பிரெட் சுட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் ஜாமை வலது உள்ளங்கையில் வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக் கண்ணை மூடியிருந்தார்.

"ஆங்... இதாம்மா ருசி. வாசனயப் பாரு! நீயும் நானும் தலகீழா நின்னாலும் இது வருமா? மலை மேல பண்றது மலை மேல பண்றதுதான்."

இரண்டாவது முறை எடுத்தார். மூன்றாவது முறையும் எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பதினான்கு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை என் கண்ணெதிரே வேறு விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுக்கவில்லை.

"அது நான் பண்ண ஜாம், அண்ணி."

வாய் அசைவது நின்றது. மெதுவாக விழுங்கினார்.

"அதான பார்த்தேன். சக்கர தூக்கலா கீதே, மலைல இப்டிப் போட மாட்டாங்களேன்னு மொதல் வாய்லயே நெனச்சேன்."

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிரெட்டை அவர் தொடவே இல்லை. ஆனால் கிளம்பும்போது டப்பாவை அழுத்தி மூடித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"பசங்களுக்கு எடுத்துகினு போறேன். பிரசாதம்னு சொல்லிக் குடுத்துடறேன்."

"பிரசாதம்னு சொல்லாதீங்க அண்ணி. நான் பண்ணதுன்னு சொல்லிக் குடுங்க."

என்னைப் பார்த்தார். டப்பாவை வெளியே எடுத்து அதையும் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்தார்.

"மூடி லூசா கீது. பையில கொட்டிடும்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

மூடியை நகத்தால் நெம்பினேன், வரவில்லை. கத்தி முனையை விட்டுத்தான் திறக்க முடிந்தது.